டிரங்குப் பெட்டிய தொறக்கறதுக்கு முன்னாடி: ஆப்பிரிக்க அமெரிக்க குடும்ப வரலாறு தேட ஆரம்பிக்கறவங்களுக்கு

எங்க தங்கச்சி கட்டிக்கிட்டது பிலடெல்பியா மாப்பிள்ளைய. கறுப்பினக் குடும்பம், அவரோட அம்மா, அதாவது எங்க சம்பந்தியம்மா, சின்னப் பொண்ணா இருக்கும்போது சவுத் கரோலினால இருந்து ரயிலேறி வடக்க வந்தவங்க. போன வருஷம் என் மருமக, தங்கச்சி பொண்ணு, ஸ்கூல்ல வம்ச மரம் வரையச் சொன்னாங்கன்னு சார்ட் பேப்பரோட வந்து உக்காந்தா. நம்ம பக்கம் கொள்ளுத்தாத்தாவோட நின்னுபோச்சு, மேல யாரையும் கேட்டு வைக்கல, அது நம்ம சோம்பேறித்தனம். அவ அப்பா பக்கம் 1870 வரைக்கும் போயி அங்க முட்டிக்கிட்டு நின்னுச்சு, அதுல யாரோட சோம்பேறித்தனமும் கெடையாது.

சம்பந்தியம்மா எல்லாத்தையும் பார்த்துட்டு, கட்டிலுக்கு அடியில ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு இழுத்துட்டு வாங்கன்னாங்க. உள்ள ஒரு தடி பைபிள், ஒட்டுத்துணி போர்வை ஒண்ணு, தகரத்துல எடுத்த போட்டோ, அட்டை விசிறி ரெண்டு, இன்சூரன்ஸ் புக்கு, ஒரு புகையில டப்பா நிறைய பட்டன். அந்தப் பெட்டியோட ஒரு வருஷம் மல்லுக்கட்டி நான் கத்துக்கிட்டதுதான் இது. இந்த மாதிரி குடும்பத்துல பொண்ணு குடுத்தவங்க, எடுத்தவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, லைப்ரரில வாலண்டியரா இருக்கறவங்க, யாருக்கு வேணா உதவும்.

முதல்ல அந்த 1870 என்னன்னு சொல்லிடறேன். அமெரிக்கால பத்து வருஷத்துக்கு ஒருதடவ சென்சஸ் எடுப்பாங்க. 1850லயும் 1860லயும் அடிமைகளுக்குன்னு தனி அட்டவணை போட்டாங்க, அதுல இருக்கற பேரு யாரோடதுன்னு நினைக்கறீங்க, ஓனரோடது. அதுக்கு கீழ வயசு, ஆணா பொண்ணா, நிறம், அவ்ளோதான், கிட்டத்தட்ட 40 லட்சம் மனுஷங்க 1860-ல இப்படி பேரில்லாத வெறும் கோடா இருக்காங்க. அப்பவே சுதந்திரமா இருந்த கறுப்பின மக்கள் சுமார் 5 லட்சம் பேர், அவங்க பேரு மட்டும் சாதாரண சென்சஸ்ல கெடைக்கும். வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடிஞ்சு, அடிமைமுறை ஒழிஞ்சு, 1870 சென்சஸ்லதான் எல்லாருக்கும் பேரு வந்துச்சு. தேடறவங்க எல்லாம் இத 1870 சுவர்னுதான் சொல்லுவாங்க.

அந்தச் சுவத்த தாண்ட மூணு விஷயம் வேணும். எந்த கவுண்டி (மாநிலத்துக்குள்ள நம்ம ஜில்லா மாதிரி), எந்தக் காலம், கூட்டத்துல தனியா தெரியற மாதிரி ஒரு பேரு. இந்த மூணையும் ஆன்லைன்ல தேடுற பெட்டியில என்ன டைப் பண்ணாலும் வராது, வீட்டுல இருக்கற பொருள்லதான் ஒளிஞ்சிருக்கும். பலபேரு நேரா வெப்சைட்ல போயி பேர போட்டு ஆயிரம் பேர் வந்து குழம்பி விட்டுடறாங்க, நானும் முதல் ரெண்டு மாசம் அதத்தான் பண்ணேன்.

ஒரு பொருள் எவ்ளோ தூரம் கூட்டிட்டு போகும்னு தெரியணும்னா ஆஷ்லியோட பை கதைய கேளுங்க. 2007-ல டென்னசி மாநிலத்துல நாஷ்வில் பக்கம் ஒரு பழைய பொருள் சந்தையில ஒரு பருத்தி சாக்குப் பை கெடைச்சுது. அதுல நூல்ல தைச்சு எழுதியிருக்கு: எங்க கொள்ளுப்பாட்டி ரோஸ், அவ பொண்ணு ஆஷ்லிய 9 வயசுல சவுத் கரோலினால வித்தப்போ இந்தப் பைய குடுத்தா, உள்ள ஒரு கிழிஞ்ச கவுனு, மூணு கை பீக்கன் கொட்டை, ரோஸோட பின்னல் முடி, அதுக்கப்புறம் அவங்க பாத்துக்கவே இல்ல. கீழ அத தைச்ச ஆஷ்லியோட பேத்தி பேரு, ரூத் மிடில்டன், 1921. இத வச்சு மார்க் ஆஸ்லாண்டர்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர் தேட ஆரம்பிச்சாரு. ரோஸ்ங்கற பேரு அந்தக் காலத்துல அடிமைப் பட்டியல் எத எடுத்தாலும் இருக்கும், ஆனா ஆஷ்லின்னு ஒரு பொண்ணுக்கு பேரு வைக்கறது ரொம்ப அபூர்வம். ரெண்டு பேரும் ஒரே ஓனர்கிட்ட இருக்கற பட்டியல் எதுன்னு பாத்துட்டே வந்து, அதே மாநிலத்து சார்ல்ஸ்டன்ல 1850கள்ல செத்துப்போன ராபர்ட் மார்ட்டின்ங்கற வியாபாரியோட சொத்துப் பட்டியல்ல போயி நின்னாரு. பையில இருந்தது மாநிலம், வயசு, ரெண்டு பேரு, அவ்ளோதான், அதுவே போதுமா இருந்துச்சு.

ஆளுதான் முதல்ல

பொருள தொடறதுக்கு முன்னாடி அத வச்சிருக்கற பெரியவங்க பக்கத்துல உக்காருங்க. போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி வச்சிட்டு, பண்றேன்னு சொல்லிட்டுத்தான், பேச விடுங்க. எந்த வருஷம்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது, அது தப்பான கேள்வி. இது எந்த வீட்டுல எந்த மூலையில இருந்துச்சு, யாரு தொட்டா அடி விழும், பாட்டி போனப்புறம் யாரு எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு யாரு கோவிச்சுக்கிட்டாங்க, இப்படி கேளுங்க. அந்தக் கோவக்கதையிலதான் குடும்பமே வெளிய வரும், எங்க சம்பந்தியம்மா போர்வைய பத்தி பேசும்போதுதான் இதுவரைக்கும் யாரும் சொல்லாத ஒரு பெரியம்மா வந்தாங்க, ஜார்ஜியா சவானாவுக்கு கல்யாணமாகி போனவங்க, அந்தப் போர்வை தனக்குத்தான் வந்திருக்கணும்னு கடைசிவரைக்கும் முறைச்சுக்கிட்டு இருந்தாங்களாம்.

இதுல இன்னொரு லாபம். ஆவணத்துல பொம்பளைங்க கல்யாணம் ஆனதும் பேரு மாறி காணாம போயிடுவாங்க, ஆனா போர்வை, சட்டி, தோடு, கூடை எல்லாம் அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்குத்தான் போகும். யாரு கைக்கு யாரு கையில இருந்து வந்துச்சுன்னு வரிசையா எழுதினாலே தாய்வழி மரம் பாதி ரெடி.

அமைதியாயிட்டாங்கன்னா விட்டுடுங்க. வித்துட்டாங்க, கொன்னுட்டாங்க, நிலத்த புடுங்கிட்டாங்கன்னு வர்ற இடத்துல நோண்டக்கூடாது, இது நம்ம பிராஜெக்ட் இல்ல, அவங்க வீட்டுக்கதை.

தொடைக்காதீங்க

பழைய பொருள பார்த்ததும் நம்மாளுக்கு கை பரபரக்கும், ஈரத்துணி எடுத்து தொடைச்சிடுவோம். வேண்டவே வேண்டாம். லேமினேஷன் கூடாது, செல்லோ டேப் கூடாது, பேனாவால பின்னாடி எழுதக்கூடாது. கைய கழுவி நல்லா காய வச்சிட்டு, ஒவ்வொண்ணையும் முன்ன பின்ன பக்கவாட்டுல போட்டோ எடுங்க, ஒரு நம்பர் குடுத்து நோட்டுல எழுதுங்க. போட்டோவும் பேப்பரும் 600 டிபிஐ (ஸ்கேனர்ல துல்லியத்துக்கு வைக்கற அளவு) ஸ்கேன், தரம் குறையாத டிஃப் ஃபைலா வச்சிக்கோங்க. தகரப் போட்டோ, நெகட்டிவ் இதுக்கு மட்டும் கிளவுஸ்.

1970கள்ல வந்த பசை ஆல்பம் ஞாபகம் இருக்கா, பிளாஸ்டிக் ஷீட்ட தூக்கி போட்டோவ ஒட்டறது, நம்ம வீட்டு கல்யாண ஆல்பம்லயும் இருக்கும். அதுல இருந்து போட்டோவ உரிக்கப் போயி ஒரு தாத்தாவோட காத நான் கிழிச்சிட்டேன். யாரும் திட்டல, அதான் கஷ்டமா இருந்துச்சு. பல்லுக்கு நடுவுல விடற நூல் இருக்குல்ல, அத போட்டோவுக்கு பின்னாடி மெதுவா விட்டு அசைச்சா கழண்டு வரும், வரலன்னா ஆல்பம் பக்கத்தோட அப்படியே ஸ்கேன் பண்ணிட்டு விட்டுடுங்க.

பைபிள்

இதுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவுல குடும்பப் பக்கம்னு இருக்கும், பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுத. சவுத் கரோலினால மாநில அளவுல பிறப்பு பதிவு செய்யறதே 1915-லதான் ஆரம்பிச்சுது, ஜார்ஜியால 1919. அதுக்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு இந்தப் பக்கம்தான் பர்த் சர்டிபிகேட். பின்னாடி வயசு நிரூபிக்க வேண்டி வந்தப்போ பலபேரு பைபிள தூக்கிட்டுப்போயி ஆபீஸ்ல காட்டி தாமதப் பிறப்புச் சான்று வாங்கினாங்க, அந்த ஃபைல் மாநில ஆவணக் காப்பகத்துல இருக்கும், அதுல சாட்சி சொன்ன சொந்தக்காரங்க பேரும் இருக்கும்.

ஆனா எழுதியிருக்கறத அப்படியே நம்பாதீங்க. முதல்ல அச்சடிச்ச வருஷத்த பாருங்க. பைபிள் 1892-ல அச்சாகியிருக்கு, உள்ள 1858-ல பொறந்த பையன் இருக்கான்னா, அது பின்னாடி ஞாபகத்துல இருந்தோ வேற பேப்பர்ல இருந்தோ எழுதினது. எல்லா வரியும் ஒரே மை ஒரே கையெழுத்துன்னா ஒரே நாள்ல உக்காந்து எழுதியிருக்காங்க. மை மாறி, கை மாறி, எழுத்து தடுமாறி இருந்தா நல்லது, நடக்க நடக்க எழுதினதுன்னு அர்த்தம், தேதிக்கு அதத்தான் நம்பலாம். ஒரே நாள்ல எழுதினது பொய்யின்னு சொல்லல, அந்த ஞாபகம் யாரோடதுன்னு தேடணும், அதான் வேலை.

பக்கத்துக்கு நடுவுல முடி, காஞ்ச பூ, கடுதாசி, பேப்பர் கட்டிங் எல்லாம் சொருகி வச்சிருப்பாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி எந்தப் பக்கத்துல எப்படி இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துடுங்க. ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தா எலி மேல பழி போடாதீங்க, ராணுவ பென்ஷன் வாங்கறதுக்காக அந்தப் பக்கத்தையே கிழிச்சு ஆதாரமா அனுப்பினவங்க உண்டு, அது இன்னைக்கும் வாஷிங்டன்ல தேசிய ஆவணக் காப்பகத்துல பென்ஷன் ஃபைலுக்குள்ள இருக்கலாம்.

புரியாத பேரு வந்தா தப்புன்னு ஒதுக்காதீங்க. சவுத் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்துல இருக்கற கல்லா கீச்சிங்கற கறுப்பின மக்கள்கிட்ட வீட்டுல கூப்பிட ஒரு பேரு, வெளிய ஒரு பேருன்னு உண்டு, நம்ம செல்லப்பேரு மாதிரிதான், வீட்டுப்பேரு பல நேரம் ஆப்பிரிக்க பேரா இருக்கும். கஃபின்னா வெள்ளிக்கிழமை பொறந்தவன், கஜோன்னா திங்கக்கிழமை, மேற்கு ஆப்பிரிக்கால கானா பக்கத்து அகான் மக்கள் வைக்கற கிழமைப் பேரு. லோரன்சோ டோ டர்னர்ங்கற கறுப்பின மொழியியல் அறிஞர் இந்த வீட்டுப்பேருங்கள ஆயிரக்கணக்குல சேத்து 1949-ல வெளியிட்டாரு. நான் சொன்னேன்ல, கூட்டத்துல தனியா தெரியற பேருன்னு, அது இங்கதான் மாட்டும்.

போட்டோ

தகரத்துல எடுத்த போட்டோவான்னு தெரிய ஃபிரிட்ஜ் மேக்னெட்ட பின்பக்கம் கிட்ட கொண்டுபோங்க, தேய்க்காம. இழுத்தா இரும்புத் தகடு, அது 1856-க்கு அப்புறம். அட்டையில ஒட்டின சின்ன சைஸ் போட்டோன்னா பெரும்பாலும் 1860கள்ல இருந்து, கொஞ்சம் பெரிய அட்டைன்னா அதுக்கப்புறம் 1900 வரைக்கும். பின்னாடி வரி ஸ்டாம்ப் ஒட்டியிருந்தா அதிர்ஷ்டம்தான், அந்த வரி 1864 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 1866 ஆகஸ்ட்ல முடிஞ்சுபோச்சு, ரெண்டு வருஷத்துக்குள்ள அடக்கிடலாம். அந்தத் தேதிய நெனச்சுப் பாருங்க, கறுப்பின முகமா இருந்தா அது விடுதலை கெடைச்ச உடனே காசு குடுத்து எடுத்துக்கிட்ட முதல் படமாவே இருக்கலாம். பொம்பளைங்க சட்டை தோள்பட்டையில பலூன் மாதிரி உப்பியிருந்தா 1890களோட நடுவுல.

ஸ்டுடியோ பேரு இருந்தா அந்த ஊரு சிட்டி டைரக்டரிய, அதாவது ஊர்ல யாரு எந்த முகவரில இருக்காங்கன்னு போடற புத்தகத்த, தேடுங்க, அந்த ஸ்டுடியோ அந்த முகவரில எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் இருந்துச்சுன்னு தெரியும். அதே டைரக்டரில தாத்தா பேரையும் பாருங்க, பல தென் மாநில டைரக்டரில கறுப்பின ஆளுங்க பேரு பக்கத்துல ஒரு சி எழுத்தோ (கலர்டுங்கறதோட சுருக்கம்) நட்சத்திரக் குறியோ போட்டு தனியா காட்டியிருப்பாங்க, கேவலமான பழக்கம், இன்னைக்கு தேடறவங்களுக்கு அதுவே அடையாளம். கறுப்பின போட்டோகிராபர்கள் நிறைய பேரு இருந்தாங்க, நியூயார்க் ஹார்லெம்ல ஜேம்ஸ் வான் டெர் ஸீ படத்துலயே கையெழுத்தும் வருஷமும் போடுவாரு, வாஷிங்டன்ல ஸ்கர்லாக், அலபாமா டஸ்கீகில போல்க். சவுத் கரோலினா கொலம்பியால ரிச்சர்ட் சாமுவேல் ராபர்ட்ஸ் எடுத்த கண்ணாடி நெகட்டிவ் ஆயிரக்கணக்குல அவர் செத்து பல வருஷம் கழிச்சு அவர் வீட்டு தரைக்கு அடியில கெடைச்சுது, முகம் இருக்கு, பல படத்துக்கு இது யாருன்னு சொல்ல ஆள் இல்ல. உங்க வீட்டு பிரிண்ட்டோட ஒத்துப்போகுதான்னு பாக்கலாம்.

விசிறி, இன்சூரன்ஸ் புக்கு, சாவு நோட்டீஸ்

யாரும் மதிக்காத பொருள், ஆனா எனக்கு அதிகம் உதவினது இதுதான். சர்ச்சுல ஏசி இல்லாத காலத்துல அட்டை விசிறி குடுப்பாங்க, பின்னாடி சவச்சடங்கு நடத்துற கடையோட விளம்பரம் இருக்கும். முகவரிய பாருங்க, நம்ம பின்கோடு மாதிரி அஞ்சு இலக்க ஜிப் கோடு இருந்தா 1963-க்கு அப்புறம், ஊர் பேருக்குப் பின்னாடி ஒண்ணு ரெண்டு இலக்க நம்பர் மட்டும் இருந்தா 1943-ல இருந்து 1963-க்குள்ள. இந்த ட்ரிக் கடுதாசி கவர், பில்லு, காலண்டர் எல்லாத்துக்கும் வேலை செய்யும். எங்க விசிறில சவுத் கரோலினால ஒரு சின்ன டவுனு பேரு இருந்துச்சு, குடும்பத்துல எல்லாரும் சார்ல்ஸ்டன் சார்ல்ஸ்டன்னு சொல்லிட்டு இருந்தாங்க, ரயில் ஏறின ஊரு சார்ல்ஸ்டன், பொறந்த ஊரு உள்ள தள்ளி வேற கவுண்டி. நான் ரெண்டு மாசம் தப்பான கவுண்டில தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.

நார்த் கரோலினா மியூச்சுவல், அட்லாண்டா லைஃப் மாதிரி கறுப்பின மக்களே நடத்தின இன்சூரன்ஸ் கம்பெனிங்க இருந்துச்சு, முதலாவது 1898, அடுத்தது 1905. ஏஜென்ட் வாரா வாரம் வீட்டுக்கே வந்து சில்லறையா வசூல் பண்ணி புக்குல எழுதுவாரு. அதுல பணம் யாருக்கு சேரணும், என்ன உறவுன்னு இருக்கும், அதப் பாருங்க.

இறுதிச்சடங்கு நிகழ்ச்சி நிரல்னு ஒண்ணு அச்சடிப்பாங்க, அவங்க அத வீடு திரும்பும் சடங்குன்னு சொல்லுவாங்க. வாழ்க்கைக் கதை, அப்பா அம்மா பேரு, உயிரோட இருக்கற சொந்தக்காரங்க யாரு எந்த ஊருல இருக்காங்கன்னு முழுசா இருக்கும். ஒரு அத்தை டெட்ராய்ட், ஒரு சித்தப்பா நியூவார்க்னு அந்த ஒரு பக்கத்துலயே பெரும் இடப்பெயர்ச்சி, அதாவது கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமா தெற்க விட்டு கெளம்பிப் போனது, தெரியும். வீட்டுல இல்லன்னா ஜார்ஜியா டிஜிட்டல் லைப்ரரில ஆயிரக்கணக்குல ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க.

பட்டன் டப்பால கழுகு போட்ட பித்தளை பட்டன் இருந்தா ராணுவம்னு சந்தேகப்படலாம், அதுக்காக துள்ளிக் குதிக்காதீங்க, பழைய யூனிஃபார்ம் கை மாறிக்கிட்டே இருக்கும். தையல் மெஷின் சிங்கர்னா சீரியல் நம்பர வச்சு தயாரிச்ச வருஷம் கண்டுபிடிச்சிடலாம், நம்ம ஊரு பாட்டி மெஷினுக்கும் இது பொருந்தும். புல்மன் கம்பெனியோட தூங்கற ரயில் பெட்டியில வேலை பாத்த போர்ட்டரோட தொப்பி இருந்தா சிகாகோ நியூபெரி லைப்ரரில அந்தக் கம்பெனி பேப்பருங்க இருக்கு.

எழுத்தே இல்லாத பொருள்

போர்வை, கூடை, பாட்டு, சமையல். எழுத்து இல்ல, ஆனா ஊரு இருக்கும்.

போர்வையில எந்தத் துணின்னு பாருங்க. தீவன மூட்டை துணி, ஜீன்ஸ், வேலைக்கு போட்ட சட்டை. அலபாமா வில்காக்ஸ் கவுண்டில ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, ஒட்டுத்துணி போர்வைக்கு உலகப்புகழ். அங்க மிசௌரி பெட்வேங்கற அம்மா 1942-ல செத்துப்போன புருஷனோட வேலைத்துணிய எல்லாம் வெட்டி, அவர் ஞாபகமா போத்திக்க ஒரு போர்வை தைச்சாங்க. முட்டி தேஞ்ச இடம், பாக்கெட் கிழிச்ச இடத்துல மட்டும் சாயம் வெளுக்காம இருக்கறது எல்லாம் அதுல தெரியும், அந்த மனுஷன் என்ன வேலை பாத்தாருன்னு துணியே சொல்லிடும். அந்த ஊருல பாதிப்பேருக்கு பெட்வேன்னுதான் பேரு, 1840கள்ல அந்தப் பேருள்ள தோட்ட முதலாளி நார்த் கரோலினால இருந்து கிட்டத்தட்ட நூறு அடிமைங்கள நடத்தியே கூட்டிட்டு வந்தான், அதனால அலபாமா குடும்பத்தோட முந்தின ஆவணம் நார்த் கரோலினால கெடக்கும். ஆனா எல்லா குடும்பத்துலயும் கடைசி ஓனர் பேருதான் குடும்பப்பேருன்னு முடிவு கட்டாதீங்க, முந்தின ஓனர் பேரு வச்சவங்க, சொந்தமா தேர்ந்தெடுத்தவங்க நிறைய பேரு.

போர்வை டிசைன்ல தப்பிச்சு ஓடறதுக்கு ரகசியக் குறியீடு இருந்துச்சுன்னு ஒரு கதை சுத்துது, கேக்க நல்லாருக்கும், 1999-ல வந்த ஒரு புத்தகத்தால பரவினது, வரலாற்று ஆய்வாளர்கள் ஆதாரம் இல்லன்னுதான் சொல்றாங்க. அதே மாதிரி சார்ல்ஸ்டன்ல வாடகைக்கு அனுப்பற அடிமைங்க மாட்டிக்கற செம்பு வில்லை, வருஷமும் நம்பரும் போட்டிருக்கும், மார்க்கெட்ல போலி ஏகப்பட்டது, காசு குடுத்து வாங்கி பரம்பரைப் பொருளாக்கிடாதீங்க.

சுருட்டித் தைச்ச புல்லுக்கூடை இருந்தா சவுத் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்த பாருங்க, மேற்கு ஆப்பிரிக்கால நெல்லு விளையற பக்கத்துல இருந்து வந்த கைவேலை, நம்ம முறம் மாதிரி நெல்லு புடைக்கத்தான் முதல்ல செஞ்சாங்க. சமையல்ல எள்ள பென்னின்னு சொன்னா அதே கடலோரம். வெண்டைக்காய் போட்டு கம்போன்னு ஒரு குழம்பு வச்சா லூசியானா பக்கம், கம்போங்கற வார்த்தையே ஆப்பிரிக்கால வெண்டைக்காய்க்கு இருக்கற பேருல இருந்து வந்ததுதான்.

லூசியானா குடும்பம்னா பெட்டியில கட்டம் போட்ட பருத்தி தலைத்துணி ஒண்ணு இருக்கலாம், அதுக்கு அங்க மெட்ராஸ்னுதான் பேரு. நம்ம கடற்கரை கைத்தறி நெசவாளிங்க நெய்த துணி கப்பல்ல போனதுதான் அந்தப் பேருக்கு காரணம். 1786-ல நியூ ஆர்லின்ஸ்ல கவர்னர் மிரோ கறுப்பினப் பெண்கள் தலைமுடிய காட்டக்கூடாது, துணி கட்டணும்னு உத்தரவு போட்டான், அவங்க மெட்ராஸ் துணிய பளபளன்னு கோபுரம் மாதிரி கட்டிக்கிட்டு அவன் மூஞ்சில கரிய பூசினாங்க. அந்த ஊருக்காரங்களுக்கு இன்னொரு வசதி, பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆட்சியில நோட்டரி ஆபீஸ்ல ஒவ்வொரு விற்பனையும் பேரோட எழுதி வச்சிருக்காங்க, க்வென்டலின் மிட்லோ ஹால்ங்கற வரலாற்றாசிரியர் அதையெல்லாம் தொகுத்து 1 லட்சம் பேருக்கு மேல இருக்கற டேட்டாபேஸ் பண்ணாங்க, பல பேருக்கு ஆப்பிரிக்கால எந்த இனம்னே இருக்கும்.

பாட்டுன்னா சாதாரணமா நினைக்காதீங்க. நான் மேல சொன்ன டர்னர் 1930களோட ஆரம்பத்துல ஜார்ஜியால ஹாரிஸ் நெக்ங்கற ஊருல அமீலியா டாலிங்கற அம்மா பாடின ஒரு பாட்ட ரெக்கார்ட் பண்ணாரு, பாடினவங்களுக்கே அர்த்தம் தெரியாது, பாட்டிகிட்ட இருந்து வந்தது. அது மென்டே மொழி, சியரா லியோன்ல செனஹுன் ங்கோலாங்கற கிராமத்துல சாவுச்சடங்குல பொம்பளைங்க பாடறதுன்னு ரொம்ப வருஷம் கழிச்சு ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க, 1997-ல அமீலியாவோட பொண்ணு மேரி மோரன் அந்த கிராமத்துக்கே போயி நின்னாங்க. அதனால பாட்டி அர்த்தமில்லாம எதையாவது முணுமுணுத்தா ரெக்கார்ட் பண்ணுங்க, அர்த்தம் அப்புறம் பாத்துக்கலாம்.

இப்பதான் ஆவணம்

கவுண்டி, காலம், பேரு மூணும் நோட்டுல இருக்கா, இப்ப கம்ப்யூட்டர தொறங்க. வம்சம் தேடற வெப்சைட் ரெண்டு இருக்கு. ஃபேமிலிசர்ச் இலவசம். ஆன்செஸ்ட்ரிக்கு காசு, ஆனா பல பப்ளிக் லைப்ரரில ஃப்ரீயா பாக்கலாம்.

1950 சென்சஸ்ல ஆரம்பிச்சு பின்னாடி போங்க, தாவாதீங்க. 1900-ல பொறந்த மாசமும் வருஷமும் இருக்கும், எத்தன பிள்ள பெத்தாங்க எத்தன உயிரோட இருக்குன்னும் இருக்கும். 1890 பெரும்பாலும் தீ விபத்துல போச்சு. 1880-ல என்ன உறவுன்னு எழுதியிருக்கும், 1870-ல எழுதியிருக்காது, ஒரே வீட்டுல இருக்கறதால பிள்ளைன்னு முடிவு பண்ணாதீங்க. முதல் உலகப்போர் ராணுவப் பதிவு அட்டை பாத்தா கீழ் மூலை கிழிஞ்சிருக்கும், 1917 அட்டையில ஆப்பிரிக்க வம்சாவளின்னா இந்த மூலைய கிழிக்கணும்னு அச்சடிச்சே வச்சிருந்தாங்க. அரசாங்க பென்ஷன் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு போட்ட விண்ணப்பத்துல அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேரு இருக்கும், ஆனா வீட்டு வேலை, பண்ணை வேலை செஞ்சவங்கள 1950 வரைக்கும் அந்தத் திட்டத்துல சேக்கல, அதனால பாட்டி பேர 1950-க்கு அப்புறத்து வருஷங்கள்லயும் தேடுங்க.

1870-ல நின்னதும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்க ஜன்னல் நாலஞ்சு இருக்கு. போர் முடியற நேரத்துல 1865-ல, விடுதலையானவங்களுக்கு உதவ அரசாங்கம் தொடங்கின ஃப்ரீட்மென்ஸ் பீரோ 1872 வரைக்கும் இருந்துச்சு, கூலி ஒப்பந்தம், கல்யாணப் பதிவு, ரேஷன், ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் பதிவு இருக்கு, அதுல இருக்கற கிட்டத்தட்ட 18 லட்சம் பேர வாலண்டியருங்க டைப் பண்ணி இலவசமா தேடற மாதிரி பண்ணிட்டாங்க. அவங்களுக்காகவே தொறந்த ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க், 1865-ல இருந்து 1874, கணக்கு தொறக்கும்போதே அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க, எங்க வளர்ந்தீங்க, சில இடத்துல முந்தின ஓனர் யாருன்னுகூட கேட்டு எழுதினாங்க. பேங்க் திவாலாகி ஜனங்க காசு போச்சு, ரெஜிஸ்டர்தான் மிச்சம். போர்ல வடக்கு பக்கம் சுமார் 1,79,000 கறுப்பின சிப்பாய்ங்க இருந்தாங்க, விதவை பென்ஷன் ஃபைல்ல கல்யாணத்துக்கு சாட்சி சொன்ன ஊர்க்காரங்க பேச்சு அப்படியே இருக்கும், இதவிட நல்ல ஆவணம் நான் பாக்கல. அப்புறம் விடுதலைக்கு அப்புறம் பேப்பர்ல குடுத்த விளம்பரங்க, எங்கம்மா பேரு இது, இன்னார்கிட்ட இருந்து இன்னாருக்கு வித்தாங்க, யாருக்காவது தெரியுமான்னு. நியூ ஆர்லின்ஸ் பேப்பர் ஒண்ணுல 1877-ல இருந்து தொலைஞ்ச நண்பர்கள்னு தனி பத்தியே வந்துச்சு, வில்லனோவா யுனிவர்சிட்டி இந்த மாதிரி விளம்பரங்கள சேத்து வச்சிருக்கு. ராத்திரில தனியா படிக்காதீங்க.

கடைசியா ஓனர் குடும்பத்தோட உயிலு, சொத்துப் பட்டியல், கடன் பத்திரம். அதுலதான் மாடு, கலப்பைக்கு நடுவுல ஆளோட பேரும் விலையும் இருக்கும். சில பொருளும் அந்தப் பக்கமே மாட்டிக்கும், 1831-ல வர்ஜீனியால அடிமைங்கள திரட்டி கலகம் பண்ண நாட் டர்னரோட பைபிள் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துகிட்ட பல தலைமுறை இருந்துட்டு இப்ப வாஷிங்டன் ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்க அமெரிக்க மியூசியத்துல இருக்கு. அங்கயே ஜோசப் டிராமெல்ங்கறவரோட விடுதலைப் பத்திரமும் அத நனையாம வைக்க கையால செஞ்ச தகரப் பெட்டியும் இருக்கு, 1852-ல வர்ஜீனியா லௌடன் கவுண்டில பதிஞ்சது, வம்சமே பாதுகாத்து குடுத்தது. சட்டைப்பையில அடங்கற சைஸ், அந்தக் காகிதம் இல்லாம வெளிய போனா புடிச்சுட்டுப் போயிடுவாங்க.

திரும்ப வைக்கும்போது

அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பர், அட்டைப்பெட்டி வாங்கி அதுல வைங்க, பரண்லயும் கீழ்த்தளத்துலயும் வேண்டாம், மனுஷங்க இருக்கற ரூம்ல வைங்க. போர்வைய மடிச்ச மடிப்புலயே மடிக்காம மாத்தி மடிங்க.

ஒவ்வொரு பொருளோடயும் ஒரு சீட்டு, பென்சில்ல. இது என்ன, யாரு செஞ்சாங்க, யாரு கையில இருந்து யாரு கைக்கு, சொன்னது யாரு, என்னைக்கு. தெரிஞ்சது வேற, சொல்லிக்கிட்டது வேறன்னு பிரிச்சு எழுதுங்க. ரூத் மிடில்டன் ஊசி நூலால பண்ணதும் இதே வேலைதான்.

போர்வைக்கு நான் எழுதின சீட்ட சம்பந்தியம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். பெரியம்மா கோவிச்சுக்கிட்ட விஷயத்த மரியாதையா விட்டுட்டேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரெண்டுதடவ படிச்சாங்க, பென்சில வாங்கி, கீழ இருந்த காலி இடத்துல சவானா பெரியம்மா பேர எழுதி, இது அவளுக்கு வந்திருக்க வேண்டியதுன்னு எழுதி, தேதியும் போட்டுக் குடுத்தாங்க.